வெள்ளைக் கோடு

தான் மாட்டிய போல்ட்டிலிருந்து எண்ணெய் ஒழுகுவதைப் பார்த்து அப்பாடா என்று மூச்சு விட்ட மெக்கானிக் உலகத்தில் ஒருவன் உண்டென்றால் அது இவன்தான். காலையில் பல்கூட விளக்காமல் பட்டறைக்கு வருவான். வண்டிக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கி, முந்தின சாயங்காலம் அங்கே விரித்து வைத்த வெள்ளைத் தாளைப் பார்ப்பான். நடுவில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு விழுந்திருக்கும். நெஞ்சுக்குள் ஏதோ கட்டவிழ்ந்த மாதிரி இருக்கும். ஆனால் முகத்தை மட்டும் துக்க வீட்டுக்குப் போகிறவனைப் போல வைத்துக்கொண்டு படியேறி மேலே வருவான்.

வீடு பட்டறைக்குப் பின்னாலேயே. பின்வாசல் கதவில் சாய்ந்துகொண்டு அவன் மனைவி நிற்பாள்.

"ஒழுகுதா?"

"ஒழுகுது."

"அப்போ இன்னிக்கும் இல்ல."

"இன்னிக்கு எப்படி முடியும்?"

அவள் உள்ளே போய்விடுவாள். அதற்குப் பிறகுதான் அவன் பல் விளக்குவான்.

வண்டி ஒரு பல் டாக்டருடையது. டாக்டரின் அப்பா பிறப்பதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த கார். பட்டறையில் அதற்குக் கிழவி என்று பெயர். கிழவி வந்தபோது பல்லெல்லாம் கொட்டிப்போய், இருக்கைப் பஞ்சில் எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. இருக்கை, கூரைத் துணி, ஒயர் வேலை எல்லாம் மனைவி பார்த்தாள். எஞ்சினை அவன் பார்த்தான். இத்தனை வருடமும் அந்தப் பட்டறை அப்படித்தான் ஓடியது. அவன் குழிக்குள் இருந்தால் அவள் மேலிருந்து விளக்குப் பிடிப்பாள். அவன் கை நீட்டினால், எந்த ஸ்பேனர் என்று கேட்காமலே சரியான ஸ்பேனர் வந்து உட்காரும். பேச்சே தேவைப்படவில்லை. தேவைப்படவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். வினை அங்கேதான் பிடித்தது.

கிழவியின் இருக்கைக்குக் கடைசித் தையல் போட்டு நூலைப் பல்லால் கடித்துத் துப்பிய அன்றைக்கு, அவள் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேங்க. இந்த வண்டி வெளிய போற அன்னிக்கு நானும் கிளம்புறேன்."

"எப்போ வருவ?"

"வரல."

சண்டை இல்லை, சத்தம் இல்லை. சண்டை போடுகிறவளாக இருந்தால் அவன் தப்பித்திருப்பான். ஏன் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை இன்னொரு முறை துடைத்தான். பிறகு, "சரி" என்றான். எதற்கெடுத்தாலும் அவனிடம் இருந்தது அந்த ஒரு 'சரி'தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று யாரோ சின்ன வயதில் பயமுறுத்தி வைத்திருந்தார்கள் போல.

டாக்டருக்கு ஒரே ஒரு நிபந்தனை. அவர் வீட்டு முன்கூடத்துத் தரை பளிங்கு. அதில்தான் கிழவியைக் கொலு மாதிரி நிறுத்தி வைத்துப் பார்க்கப் போகிறார். "ஒரு ராத்திரி முழுக்க நிக்கணும் மெக்கானிக். தாள்ல ஒரு சொட்டு விழக்கூடாது. அப்புறம் ஃபோன் பண்ணுங்க, வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். பல்லைப் பிடுங்குகிற மனுஷன், ஒழுகுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

ஆக, வண்டி போவதும் அவள் போவதும் அந்த ஒரு சொட்டில் நின்றது. எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்குகிற தொட்டி, அதன் வயிற்றில் எண்ணெயை இறக்குவதற்கு ஒரு துளை, துளையை அடைக்க ஒரு போல்ட், போல்ட்டின் கழுத்தில் ஒரு செப்பு வாஷர். சமாசாரம் அவ்வளவுதான். இதில் சூட்சுமம் வாஷரில் இருக்கிறது. ஒருமுறை இறுக்கிக் கழற்றிய செம்பு கெட்டிப்பட்டுப் போகும். அதைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடியும் இளகிவிடும். இளகிய வாஷர் இறுக்கும்போது தன்னை நசுக்கிக்கொண்டு சந்துபொந்தையெல்லாம் அடைத்துவிடும். காய்ச்சாத வாஷர் வீம்பு பிடித்த மனுஷனைப் போல எதற்கும் வளைந்து கொடுக்காது. எவ்வளவு இறுக்கினாலும் எங்கேயோ ஒரு மயிரிழை விட்டுவிடும்.

இதையெல்லாம் கரைத்துக் குடித்தவன்தான் அவன். முதல் தடவை எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால் வாஷரைக் கம்பியில் கோத்துக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் நடந்தான். நடந்தவன் பாதியில் நின்றான். கம்பியிலிருந்து வாஷரை உருவி, காய்ச்சாமலே போல்ட்டில் மாட்டி, குழிக்குள் இறங்கி முடுக்கிவிட்டான். என்ன செய்கிறோம் என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

மறுநாள் தாளில் சொட்டு விழுந்திருந்தது. "போகாதே" என்று சொல்லத் தெரியாத மனுஷனுக்காக அவன் எஞ்சின் சொன்னது. அதற்கு அடுத்த முறையும் அப்படியே. வாஷரைக் கழற்றுவான், தேய்ப்பான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான், அடுப்புப் பக்கம் மட்டும் போகமாட்டான்.

அவள் கண்ணுக்கு இதெல்லாம் தப்பியது என்று நினைத்தால் அவனைப் போல முட்டாள் கிடையாது. அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அவள் கொண்டுவந்த வழக்கம். கல்யாணமான புதிதில், சக்கர நட்டு கழன்றுவிட்டது என்று ஒரு லாரிக்காரர் வந்து ஊரைக் கூட்டாத குறையாகக் கத்திவிட்டுப் போனார். இவன் இறுக்கிய நட்டுத்தான், வேறு யாரோ நடுவழியில் கழற்றியிருக்கிறார்கள். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? அன்றைக்கு அவள் கடைக்குப் போய் ஒரு சின்னப் புட்டி வெள்ளைப் பெயிண்ட்டும், குழந்தைகள் படம் வரைகிற தூரிகை ஒன்றும் வாங்கி வந்தாள். அதற்குப் பிறகு எந்த நட்டை, எந்த போல்ட்டை இறுக்கி முடித்தாலும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரே கோடாக வெள்ளை இழுத்துவிட வேண்டும். நட்டு துளி அசைந்தாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். "கோடு போட்டாச்சுன்னா உங்க கையெழுத்து மாதிரி" என்றாள். அவனுக்கு அது பிடித்துப்போனது.

கிழவியின் எண்ணெய் போல்ட்டில் அவன் இதுவரை கோடு போடவில்லை. பொய் வேலைக்குக் கையெழுத்துப் போட அவனுக்கு மனம் வரவில்லை. விளக்குப் பிடித்தவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வண்டியின் அடியில் எல்லா இடத்திலும் வெள்ளைக் கோடு மின்னியது, அந்த ஒரு போல்ட் மட்டும் மொட்டையாக நின்றது.

ஒருநாள் குழிக்குள் அவளும் இறங்கினாள். இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும் இடம். விளக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"இதுல என்னதாங்க கோளாறு? என்கிட்ட சொல்லுங்க."

அவன் போல்ட்டைப் பார்த்தான்.

"நிஜமா சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அதைவிடச் சுலபமாக ஒரு வாசலை யாரும் யாருக்கும் திறந்துவிட முடியாது. அவன், "வாஷர் சரியில்ல" என்றான்.

"வாஷரா?"

"ஆமா."

"சரி" என்றாள் அவள். அவனுடைய வார்த்தையையே அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் போனாள்.

ஏன் போகிறாள் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்தது. பெண். பேர் வைப்பதற்குள் போய்விட்டது. புதைத்துவிட்டு வந்த அன்று மத்தியானமே அவன் சட்டையை மாற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனான். அவள் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாயங்காலம் வரைக்கும் ஸ்பேனர் இரும்பில் மோதுகிற சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் குழந்தையைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவளாகப் பேச்செடுத்த போதெல்லாம் எழுந்து போனான். பேச்செடுப்பதை அவளும் ஒருநாள் நிறுத்திவிட்டாள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அன்றைக்கு அவன் எந்த வேலையும் செய்யவில்லை. குழிக்குள் உட்கார்ந்து ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினான். மறுபடியும் மாட்டினான். மறுபடியும் கழற்றினான். சத்தம் நின்றால் யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள், பார்த்தால் அவன் அழுவது தெரிந்துவிடும். அதனால் சத்தம் நிற்காமல் பார்த்துக்கொண்டான்.

இப்போது அவள் பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தாள். கட்டியது கட்டியபடியே இருந்ததால் ஒவ்வொரு காலையிலும் சீப்புக்கும் மாற்றுத் துணிக்கும் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. சொந்த வீட்டில் பயணி மாதிரி மண்டியிட்டு, அடியிலிருந்து ஒரு துணியை உருவி, மேலே இருப்பதை மறுபடி மடித்து வைத்து மூடுவாள். ஒருநாள் அப்படி மூடிவிட்டுப் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டு அக்காவோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீர் குடிக்க வந்தவன் சமையலறைக்குள்ளேயே நின்றுவிட்டான்.

"இல்லக்கா, இன்னும் முடியல... அவரை ஒண்ணும் சொல்லாத. நல்ல மனுஷன்தான்... இல்ல, கோவம் எல்லாம் இல்ல. ரொம்பக் களைப்பா இருக்குக்கா. அவ்ளோதான்."

கோபமாக இருக்கிறாள் என்றால் பொறுத்திருப்பான். களைப்பாக இருக்கிறது என்று சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. நடக்க முடியாமல் நிற்கிறவளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடிப்பதும் ஒரு அன்பா என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீரைக் குடிக்காமலே பட்டறைக்குத் திரும்பினான்.

அன்றைக்கு அவன் செய்ததுதான் வேலை. எண்ணெயை ஏனத்தில் இறக்கினான். போல்ட்டைக் கழற்றி பெட்ரோலில் கழுவி, மரையில் விரல் நகத்தை வைத்துச் சுற்றுச் சுற்றாக ஓட்டிப் பார்த்தான்; எங்கேயும் இடறவில்லை. துளையின் வாயைத் துணியால் துடைத்து, வாஷர் உட்காரும் இடத்தில் சாக்பீஸ் தடவி, வாஷரை வைத்து அழுத்தி எடுத்தான். வளையம் முழுக்க வெள்ளை ஒட்டியிருந்தது, ஆகவே அது உட்காரும் இடம் சமமாகத்தான் இருக்கிறது. பிறகு வாஷரைக் கம்பியில் கோத்துக்கொண்டு அடுப்புக்கு நடந்தான். இந்த முறை நடுவில் நிற்கவில்லை. செம்பு முதலில் கறுத்தது, பிறகு பழுத்தது. தண்ணீரில் போட்டதும் சுர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கரியைத் தேய்த்து எடுத்தபோது உள்ளங்கையில் புது மோதிரம் மாதிரி கிடந்தது.

அவள் விளக்குப் பிடித்தாள். அவன் போல்ட்டை விரலால் சுற்றி ஏற்றி, ஸ்பேனர் போட்டு, செம்பு நசுங்கி உட்காருகிற அந்த இடத்தைக் கையில் உணர்ந்து நிறுத்தினான். பெயிண்ட் புட்டிக்காகக் கையை நீட்டினான். அவள் கொடுக்கச் சற்று நேரமாயிற்று. போல்ட்டின் தலையிலிருந்து தொட்டியின் அடி வரைக்கும் ஒரே இழுப்பாகக் கோடு போட்டான். மேலே விளக்கு லேசாக ஆடியது. கை வலித்திருக்கும் என்று நினைத்தான்.

சாயங்காலம் புது எண்ணெய் ஊற்றி, குழியில் புதுத் தாள் விரித்து வைத்தான். நாளைக்கு அவள் போய்விடுவாள் என்று நினைத்துக்கொண்டே படுத்தான். தூக்கம் அவன் பக்கமே வரவில்லை என்றுதான் அவன் சொல்வான். உண்மையில் விடியும் நேரத்தில் கட்டையாகத் தூங்கிப் போனான்.

காலையில் குழியில் இறங்கினால், தாளில் ஒரு சொட்டல்ல, கை அகலத்துக்கு எண்ணெய்.

அவனுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு வந்தது கோபம். இருபது முப்பது வருடம் பழகிய கை, இப்படிக் காலை வாரிவிட்டதே என்று கோபம். பொய்யாக மாட்டியபோது ஒழுகியதில் அவனுக்கு மானக்கேடு இல்லை. நியாயமாக மாட்டியது ஒழுகினால் அது அடிமடியில் கை வைத்த மாதிரி. விறுவிறுவென்று மேலே வந்து ஸ்பேனரை எடுத்தான். பின்வாசலில் அவள் நின்றிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவள் மாதிரி.

"ஒழுகுதா?" என்றாள்.

"ஒழுகுது."

"ஏன் ஒழுகுதுங்க?" குரல் ஒரு மாதிரி இருந்தது. அவன் கவனிக்கவில்லை. ஸ்பேனரின் வாயைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தான்.

"பாத்துடறேன்."

"லைட் பிடிக்கவா?"

"எதுக்கு? கண்ணைக் கட்டி விட்டாலும் எனக்கு அந்த போல்ட் தெரியும்."

அது பெருமைக்குச் சொன்னதில்லை, நிஜம். காலை வெளிச்சம் குழியின் தரையில் கிடக்கும் தாள் வரைக்கும்தான் எட்டும், வண்டியின் அடிப்பக்கம் இருட்டு. விளக்கில்லாமலே இறங்கினான், கையை மேலே கொண்டுபோனான், ஸ்பேனர் தானாகப் போய்க் கவ்வியது. கால் சுற்று சிரமமில்லாமல் திரும்பியது, பிறகு கெட்டியாகப் பிடித்தது. அட, கால் சுற்று தளர்வாகவா விட்டுவிட்டோம்? நேற்று இருந்த யோசனையில் கை அசந்திருக்க வேண்டும். வழிந்திருந்த எண்ணெயைத் தடவித் தடவித் துடைத்துவிட்டு மேலே வந்தான்.

"இனிமே ஒழுகாது. என் தப்புதான், கை அசந்துடுச்சு."

"உங்க கையா?"

"ஆமா."

"வேற ஒண்ணும் தோணலையா உங்களுக்கு?"

"வேற என்ன? வாஷர் நல்லாத்தான் இருக்கு. மரையும் நல்லா இருக்கு."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமில்லை. கடைசிப் பஸ்ஸும் போன பிறகு நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் சாலையைப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, சீப்பை எடுத்துத் தலை வாரி, சீப்பை மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினாள்.

அடுத்த நாள் தாள் வெள்ளையாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தான், சுத்தம். மேலே வந்து தலையை மட்டும் ஆட்டினான். அவளும் தலையாட்டினாள். டாக்டருக்கு அவளே ஃபோன் செய்தாள். டாக்டர் மத்தியானம் வருகிறேன் என்றார். பஸ் அதற்கு முன்னால். பெட்டியை அவன் சாலை வரைக்கும் தூக்கி வந்தான். போகிற வழியில் அவள், "அடுப்பைச் சின்னதா வெச்சிருக்கேன், மறந்துடாதீங்க" என்றாள். பஸ் வந்து நின்றபோது அவன் பெட்டியை மேலே ஏற்றிக் கொடுத்தான். படியில் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் சொல்லவேண்டியதெல்லாம் அவன் வாயில் இருந்தது.

"பாத்துப் போ" என்றான்.

பஸ் போய்விட்டது.

மத்தியானம் டாக்டர் வந்தார். தாளைப் பார்த்துத் திருப்தியாகி, குழந்தை மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இருக்கையில் உட்கார்ந்து தையலைத் தடவிப் பார்த்தார். "அம்மா எங்கே? நேர்ல ஒரு வார்த்தை சொல்லணுமே" என்றார். அவன், ஊருக்குப் போயிருக்கிறாள் என்றான். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு டாக்டருக்கு ஒரு ஆசை, அடியிலும் பார்க்க வேண்டும் என்று. டார்ச்சை எடுத்துக்கொண்டு, பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் குழியில் இறங்கினார்.

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது போல ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கடைசியில் எண்ணெய் போல்ட்டில் வந்து வெளிச்சம் நின்றது.

"இதுவா இத்தனை நாளா படுத்தினது?"

"இதுதான் டாக்டர்."

"எல்லாத்துலயும் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கீங்களே, என்ன அது?"

"இறுக்கி முடிச்சதும் போடறது டாக்டர். போல்ட்டு மேல பாதி, பக்கத்து இரும்பு மேல பாதி. யாராவது திருப்பினா கோடு உடைஞ்சுடும். இதோ, நேரா இருக்கு பாருங்க. அப்படின்னா இறுக்கினதுல இருந்து யாரும்..."

டாக்டர் கையிலிருந்த டார்ச்சை வாங்கி அவன் கிட்டே பிடித்தான்.

கோடு நேராக இருந்தது. தலையில் பாதி, தொட்டியில் பாதி, உற்றுப் பார்த்தால் மயிரிழை தள்ளி, மற்றபடி அன்றைக்கு அவன் ஒரே இழுப்பாக இழுத்தது இழுத்தபடி. ஆனால் கோடு போட்டதற்கு அப்புறம் அவன் அந்த போல்ட்டைக் கால் சுற்று திருப்பியிருக்கிறான். இருட்டில், நேற்றுக் காலையில், இந்தக் கையால். அவன் தளர்வாக விட்டிருந்தது உண்மையானால், இப்போது கோடு கால் சுற்று தாண்டி உடைந்து நிற்க வேண்டும். உடையவில்லை. அவன் முதலில் சரியாகத்தான் இறுக்கியிருக்கிறான். நடுவில் யாரோ கால் சுற்று தளர்த்தியிருக்கிறார்கள். அவன் பழைய இடத்துக்கே கொண்டுவந்து இறுக்கிவிட்டான்.

யாரோ என்ன யாரோ. அந்தக் குழிக்குள் இறங்குகிறவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்.

"என்ன மெக்கானிக், ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" என்றார் டாக்டர்.

"ஒரு நிமிஷம் டாக்டர்."

வீட்டுக்குள் போய் ஃபோனை எடுத்தான். விரலெல்லாம் கிரீஸ், எண் சரியாக விழவில்லை. மூன்றாவது முறை மணி போயிற்று. எடுத்தாள். பின்னால் பஸ்ஸின் இரைச்சல்.

"கோட்டைப் பாத்தேன்" என்றான்.

அதே மூச்சில் அடுத்ததையும் கேட்டான்.

"நீதானே தளர்த்தின?"

"நான்தான்."

"ஏன் சொல்லல?"

"நீங்க வாஷரைக் காய்ச்சாம மாட்டினீங்களே, நீங்க சொன்னீங்களா?" அவள் குரல் உயரவில்லை. "எனக்குத் தெரியும்ங்க. கோடு போடலையே நீங்க. ஒவ்வொரு தடவையும் இன்னிக்குச் சொல்லுவாரு, இன்னிக்குச் சொல்லுவாருன்னு பாத்தேன். அப்புறம் கோடு போட்டீங்க. சரி, போகச் சொல்லிட்டாருன்னு புரிஞ்சுது. என்னாலதான் போக முடியல. அதான் இறங்கிப் போய்த் தளர்த்திவிட்டேன். காலையில கோட்டைப் பாப்பீங்க, பாத்ததும் தெரியும், மேல வந்து ஏண்டி இப்படிப் பண்ணினன்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு இருந்தேன்."

"இருட்டுல..."

"லைட் பிடிக்கவான்னு கேட்டேனே."

பெட்டி இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"உங்க கை மேல சந்தேகம் வந்துது. வாஷர் மேல வந்துது. மரை மேல வந்துது. என் மேல வரலையேங்க. இந்த வீட்டுல நானும் ஒருத்தி இருக்கேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையே."

"போகாத" என்றான் அவன். சொல்லிவிட்டான். எவ்வளவு சின்ன வார்த்தை என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "திரும்பி வந்துடு."

அவள் அழுவது கேட்டது. ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

"அன்னிக்கு நான் வேலை செய்யல" என்றான் திடீரென்று. எந்த அன்றைக்கு என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. "எந்த வண்டியும் பாக்கல. ஒரே போல்ட்டைக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தேன். சத்தம் நின்னா நீ வந்து பாப்பியோன்னு பயம். அழுதுட்டு இருந்தேன்."

பஸ் எங்கேயோ நின்று ஆட்கள் ஏறும் சத்தம் கேட்டது. நடத்துநர் யாரையோ உள்ளே நகரச் சொன்னார். பஸ் மறுபடி கிளம்பியது. அவள் இறங்கவில்லை.

"அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தாங்க என் மனசு விட்டுப்போச்சு" என்றாள் கடைசியில். "கல்லு மாதிரி வேலை பாக்கறாரேன்னு. நான் இந்தப் பக்கம் தனியா அழுதேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் சேந்து அழுதிருக்கலாமேங்க."

"வந்துடு."

"இப்ப என்னால முடியலங்க" என்றாள். "வெச்சுடட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். பழக்க தோஷம், "சரி" என்று வந்துவிட்டது.

ஃபோனை வைத்தான். அடுப்பில் அவள் சின்னதாக வைத்துவிட்டுப் போன தீ எரிந்துகொண்டிருந்தது. எழுந்து அதை அணைத்தான். முகத்தைக் கழுவினான். பட்டறைக்கு வந்தபோது டாக்டர் வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கண்களைப் பார்த்ததும் சட்டென்று பார்வையைத் திருப்பி, கண்ணாடியைச் சரிசெய்வது போலப் பாவனை செய்தார்.

அவன் சாவியைக் கொடுத்தான். டாக்டர் அதை வாங்கிக்கொண்டு, "இனிமே ஒழுகாதே?" என்று கேட்டார்.

"ஒழுகாது டாக்டர்" என்றான் அவன்.